நல்லூர் நகரும் வைபவமாலையும்

யாழ்ப்பாணத்து வரலாற்றை ஆராயப் புகுவோர் எவராயினும் முதலிற் கையிலெடுக்கும் நூல் மாதகல் மயில்வாகனப் புலவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலையே. எடுத்த கையோடு அதனைக் குறைகூறுதலும் ஆராய்ச்சியாளர்க்கு வழக்கமாகிவிட்டது. காலக்கணக்குப் பிழைபட்டது, மன்னர் பெயர்கள் மயங்கிக் கிடக்கின்றன, கேட்ட கதைகளையெல்லாம் புலவர் நடந்த செய்திகளாகவே எழுதிவிட்டார் என்பன அவர்கள் கூறும் குறைகள். இவற்றுட் பெரும்பாலன உண்மையே; மறுத்தற்கில்லை. ஆயினும் ஒரு நூலின் பிழைகளை எண்ணி முடித்துவிட்டால் அந்நூலைப் படித்து முடித்ததாகாது. வைபவமாலை அரசர் வரிசை கூறும் நூல் என்றே இதுகாறும் கொள்ளப்பட்டு வந்துள்ளது. உற்று நோக்குவார்க்கு அது ஒரு நகரின் நூலாகவே தோன்றும். நல்லூரென்னும் இராசதானி எழுந்ததும் வீழ்ந்ததுமே அதன் உயிர்நாடி. இந்நோக்கிற் படிக்கும்போது அதன் குறையும் நிறையும் வழக்கமாகச் சுட்டப்படும் இடங்களை விட்டு வேறு இடங்களிலே தென்படுகின்றன.

நூல் எழுந்த சூழலை முதலில் நினைவிற் கொள்ளல் வேண்டும். யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தர் தலைவராயிருந்த யான் மக்காரா என்பாரின் வேண்டுகோளுக்கிணங்க, ஏறத்தாழ 1736ஆம் ஆண்டளவிற் புலவர் இதனை எழுதினார். அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்னர், 1707இல், இந்நாட்டு வழக்கங்களைத் தேசவழமை என்னும் சட்டத்தொகுப்பாக ஒல்லாந்தர் எழுதுவித்தனர். கிளாஸ் ஈசாக் என்பவர் தொகுத்ததைப் பன்னிரு முதலிமார் சரிபார்த்தனர். குடிகளின் முதுசொம், சீதனம், ஈடு முதலியவற்றை அறிய விரும்பிய ஆட்சி, பின்னர் அக்குடிகளின் பழைய அரசரையும் அறிய விரும்பியது. ஆள்பவன் கேட்க ஆளப்படுபவன் கூறிய வரலாறு இது. கேட்போன் யார் என்பதைப் புலவர் ஓரிடத்தும் மறந்திலர். பறங்கியரின் கொடுமையைக் கூறுமிடத்து அவர் குரல் ஓங்குகின்றது. ஒல்லாந்தர் பக்கம் வரும்போது தாழ்கின்றது. இதனை அச்சமென்று மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. பறங்கியர் ஆட்சியிற் கோயிலிழந்த ஒரு சமூகம் அவர்களை வென்றவனிடம் முறையிடும் வாய்ப்பாகவும் இந்நூல் அமைந்தது.

புலவர் தம் காலத்துக்கு முற்பட்ட கைலாயமாலை, வையாபாடல், பரராசசேகரன் உலா, இராசமுறை என்பவற்றைத் துணைக்கொண்டார். இவற்றுட் சில இன்று கிடைத்தில. கிடைத்தவற்றோடு ஒப்பிட்டால், அவர் பாடல்களை உரைநடையாக்கியபோது இரண்டு மூன்று வேறுபட்ட மரபுகளை ஒரே நூலிற் கோத்துவிட்டமை புலனாகும். கோத்த இடங்களில் முடிச்சுகள் தெரிகின்றன. ஆராய்ச்சியாளருக்குப் பயன்படுவன அம்முடிச்சுகளே.

அவற்றுள் முதன்மையானது நல்லூரைக் கட்டியவர் யார் என்பது. சக ஆண்டு 870இல், அதாவது கி.பி. 948இல், புவனேகவாகு என்னும் அமைச்சர் நல்லூர் நகரையும் கந்தசுவாமி கோயிலையும் எழுப்பினார் என்று ஒரு பழஞ்செய்யுளை ஆதாரமாகக் கொண்டு மரபு கூறும். சிங்கையாரியர் ஆட்சி பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே நிலைகொண்டது என்பது இன்று அறிஞர் பலரும் ஒப்பிய முடிவாதலின், இவ்வாண்டு பொருந்தாது. நூலின் பிற்பகுதியிலோ வேறொரு செய்தி வருகின்றது. விசயவாகு என்னும் சிங்கள அரசன் படையெடுத்து வந்தான். கனகசூரிய சிங்கையாரியன் தன் மைந்தரோடு வடநாடு சென்றான். விசயவாகு பதினேழு ஆண்டு ஆண்டான். பின்னர் கனகசூரியன் மீண்டு வந்து நாட்டைக் கைப்பற்றினான் என்பது அது.

கோட்டை மன்னனாகிய ஆறாம் பராக்கிரமபாகுவின் வளர்ப்பு மகன் சப்புமல் குமாரயன் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியது 1450இல். தமிழ் மரபு அவனைச் செண்பகப்பெருமாள் என்று வழங்கும். அவன் கோட்டைக்குத் திரும்பிப் புவனேகபாகு என்னும் பட்டப்பெயரோடு முடிசூட நேர்ந்தது 1467இல். இடைப்பட்ட காலம் பதினேழு ஆண்டு! புலவர் பெயரைப் பிழையாகச் சொன்னார்; ஆண்டுத் தொகையைப் பிழையின்றிச் சொன்னார். ஆட்சி பீடத்திலிருந்தவன் பெயர் மறந்துபோக, எத்தனை ஆண்டு அயலார் ஆண்டனர் என்பது மட்டும் குடிகளின் நினைவில் நின்றது போலும். அப்படியாயின் புவனேகபாகு என்ற பெயர் எங்கே போயிற்று? அது ஐந்நூறு ஆண்டு பின்னோக்கித் தள்ளப்பட்டு, முதலரசனின் அமைச்சர் பெயராகிவிட்டது என்று கருத இடமுண்டு. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் இன்றும் ஓதப்படும் கட்டியம் சிறீசங்கபோதி புவனேகபாகுவை நினைவுகூர்கின்றது. சங்கபோதி என்பது சிங்கள மன்னர் மாறிமாறிப் புனைந்த விருதுப்பெயர். சைவ அமைச்சர் ஒருவர்க்கு அது பொருந்துமாறில்லை. கோயிலை முதன்முதற் கட்டியவன் செண்பகப்பெருமாளா, முன்பிருந்ததை அவன் புதுக்கினானா என்பது இன்னும் விவாதத்துக்குரியதே. ஆயினும் வரலாற்றாசிரியர் மறைத்ததை, அல்லது மறந்ததை, கோயிற் கட்டியம் காத்து வைத்திருத்தல் வியக்கற்பாலது. சைவத் தலைநகரின் தலைக்கோயில் கட்டியத்திலே கோட்டையரசன் ஒருவன் பெயர் நாடோறும் ஒலித்துவருவதை, நகரின் பண்பாட்டை ஒரே நிறத்தில் தீட்ட விரும்புவோர் சற்று நின்று கேட்டல் தகும்.

அவ்வரசன்தானும் ஒரு நிறத்தவன் அல்லன். அவனுடைய தந்தை பெருநிலத்திலிருந்து இலங்கைக்கு வந்த ஒரு பணிக்கர் என்று கோவா நகரிலிருந்து எழுதிய போர்த்துக்கேய வரலாற்றாசிரியர் தியோகோ தெ கூத்தோ கூறுவர். அவன் யாழ்ப்பாணத்திலிருந்த காலத்திலே தென்கோடித் தேவுந்துறையிலிருந்து குயிலைத் தூதனுப்பும் கோகில சந்தேசம் என்னும் சிங்களத் தூதுநூல் எழுந்தது. யாழ்ப்பாண நகரின் மாளிகைகளையும் கொடிகளையும் புகழ்ந்து, அதனைக் குபேரனுடைய அளகாபுரிக்கு ஒப்பிடும் அந்நூல், இந்நகரைக் கண்ணாற் கண்டு புகழ்ந்த பழைய இலக்கியச் சான்றுகளுள் ஒன்றாகும். அச்சான்று சிங்களத்தில் இருப்பதாற் போலும் இங்குள்ள மாணவர் அதனை அறியாதிருக்கின்றனர்.

வைபவமாலையின் மெய்யான வலிமை நகரமைப்பைக் கூறும் பகுதியிலே உளது. கீழ்த்திசைக்கு வெயிலுகந்த பிள்ளையார், மேற்றிசைக்கு வீரமாகாளியம்மன், தென்றிசைக்குக் கைலாயநாதர், வடதிசைக்குச் சட்டநாதர் என நாற்புறமும் காவற் கோயில்கள் அமைய, நடுவே அரண்மனையும் கந்தசுவாமி கோயிலும் நின்ற நகரைப் புலவர் வரைந்து காட்டுகின்றார். யமுனையாற்றின் தீர்த்தம் கொணர்ந்து சொரியப்பெற்ற யமுனாரி என்னும் கேணியும் இவ்வமைப்பைச் சேர்ந்ததே. பகர வடிவினதாகிய அக்கேணி இன்றும் காணப்படுகின்றது. மன்னர் காலக்கணக்கில் தடுமாறும் புலவர் திசைக்கணக்கில் தடுமாறவில்லை. காரணம் வெளிப்படை. அரசர் போயினர், இடங்கள் இருந்தன. அவர் தாமே நடந்து பார்த்திருக்கக்கூடிய நிலத்தை எழுதினார். பண்டாரக்குளம், சங்கிலித்தோப்பு, இராசாவின் தோட்டம், செட்டித்தெரு, முத்திரைச்சந்தி என்னும் பெயர்களும் அவ்வாறே காலத்தைக் கடந்து நிற்பன. சந்தைக்கு வந்த பொருள்களுக்கு அரச முத்திரை குத்தப்பட்ட இடமாதலின் முத்திரைச்சந்தி என்ற பெயர் வந்தது என்பர்.

எனினும் இந்நகர் எதனால் வாழ்ந்தது என்ற வினாவுக்கு நூலில் விடையில்லை. 1344இல் இலங்கைக்கு வந்த இபின் பத்தூத்தா என்னும் மூர்நாட்டு யாத்திரிகர் ஆரியச்சக்கரவர்த்தியைக் கண்டு உரையாடியவர். மன்னனிடமிருந்த முத்துக்களையும், கடலோடிய அவன் கப்பல்களையும், பாரசீக மொழியை அவன் விளங்கிக்கொண்டமையையும் அவர் எழுதி வைத்திருக்கின்றார். நந்தியும் சேது என்னும் மொழியும் பொறித்த காசுகள் இவ்வரசின் வாணிகத்துக்கும் இராமேசுவரத் தொடர்புக்கும் சான்று கூறுவன. முத்து, யானை, கப்பல், காசு என்னும் இவற்றை வைபவமாலையில் தேடுவோர் ஏமாற்றமடைவர். புலவர் கண்ட நகர் கோயிலும் கொலுமண்டபமும் உள்ள நகர். துறைமுகமும் பண்டகசாலையும் உள்ள நகரை அவர் கண்டிலர்.

மற்றொரு மௌனம் இதனினும் பெரிது. தமிழகத்திலிருந்து வந்த தலைவர்கள் குடியேறிய ஊர்களைப் புலவர் வரிசைப்படுத்துகின்றார். திருநெல்வேலி, மயிலிட்டி, புலோலி, இணுவில், பச்சிலைப்பள்ளி, தொல்புரம், கோயிலாக்கண்டி, இருபாலை, நெடுந்தீவு என அப்பட்டியல் நீள்கின்றது. இருபாலை இருக்கின்றது; கோயிலாக்கண்டியும் இருக்கின்றது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்டு, நல்லூரின் அருகிலேயே கடனீரேரி வரை பரந்து கிடக்கும் அரியாலை இல்லை. ஓர் ஊர்க்காரரின் மனக்குறையாக இதனைக் கொள்ளற்க. இராசதானி ஒன்று உண்ணவேண்டும். நெல்லும் மரக்கறியும் மீனும் பனைபடுபொருளும் அயலிலிருந்தே நாடோறும் வரவேண்டும். வயலும் தோட்டமும் பனந்தோப்பும் களப்பும் ஒருங்கே வாய்ந்த ஊர் தலைநகரின் அருகிலிருக்க, அது நூலில் இடம்பெறாமை எதனைக் காட்டுகின்றது? பெயர்பெற்ற தலைவன் குடியேறிய இடமே ஊர். உழுதவனும் வலைவீசியவனும் இருந்த இடம் வெறும் நிலம் என்பதே அக்கால வரலாற்று இலக்கணம். தலைவர்கள் தம்மோடு குடிகளையும் கொணர்ந்தனர் என்பதற்கு மேல் அக்குடிகளைப் பற்றிப் புலவர் அறிய விரும்பிலர். நகர வரலாறு எழுதுவோர் இவ்விலக்கணத்தை இன்றும் முற்றாகக் கைவிட்டாரல்லர்.

ஆயினும் ஓரிடத்திற் புலவர் தம்மையறியாமலே நகரின் உட்பகையைக் காட்டிவிடுகின்றார். நல்லூரின் அயலிற் குடியிருந்த சோனகரை அகற்றும்பொருட்டு, அவர்களுடைய கிணறுகளிற் பன்றியிறைச்சி இடப்பட்டதென்றும், அதனால் அவர்கள் அவ்விடம் விட்டு நீங்கினர் என்றும் நூல் கூறும். இதனைப் புலவர் கண்டித்தாருமல்லர், பெருமை பேசினாருமல்லர், தந்திரமொன்று பலித்த செய்தியாக எழுதிச் செல்கின்றார். சோனகன் தோப்பு என்னும் பெயர் நல்லூரில் நிலைத்தது. அப்பெயர்க்குரியார் நாவாந்துறைப் பக்கம் சென்றனர். 1990ஆம் ஆண்டு ஒற்றோபர் மாதத்தில் யாழ்ப்பாணத்து முசிலிம் மக்கள் சில மணி நேர அவகாசத்தில் தம் இல்லங்களிலிருந்து வெளியேற்றப்பட்டதை அறிந்தோர்க்கு இவ்வரிகளை விரைந்து கடந்து செல்லல் இயலாது. வைபவமாலையின் பிழைகளைப் பக்கம் பக்கமாக ஆராய்ந்தோர் இச்செய்தியின் முன் பெரிதும் தயங்கி நில்லாமை அவர்தம் ஆராய்ச்சியின் குறைபாடே.

சங்கிலியைப் பற்றிய பகுதி நூலிற் பெரிதும் பேசப்படுவது. 1544இல் மன்னாரிற் கிறித்தவராயினார் அறுநூற்றுவரைக் கொல்வித்த சங்கிலி வேறு. 1617 முதல் 1619 வரை ஆண்டு போர்த்துக்கேயரிடம் தோற்ற சங்கிலி வேறு. புலவர் இருவரையும் ஒருவராக்கினார். இதனை அறியாமையென்று சொல்லி விடுதல் எளிது. கதையமைதியை நோக்கினால் வேறொன்று தோன்றும். சுபதிட்ட முனிவர் பரராசசேகரனுக்கு அரசின் அழிவை முன்னரே உரைத்துவிடுகின்றார். முன்னுரைத்த அழிவு நிகழ ஒருவன் வேண்டும். அவன் கொடுங்கோலனாயிருத்தல் வேண்டும். அவனைக் காட்டிக்கொடுக்க ஒரு காக்கைவன்னியனும் வேண்டும். இரு சங்கிலியரையும் ஒருவராக்கியதால் ஒரு முழுநூற்றாண்டுப் போராட்டம் ஒரு தீயவனின் வாழ்நாளாகச் சுருங்கிவிட்டது. 1560இற் கொன்சுதந்தினோ தெ பிறகன்சா நல்லூரைத் தாக்கியதும், 1591இல் அந்திரே புர்த்தாடோ அரசனைக் கொன்று எதிர்மன்னசிங்கனை அரியணையேற்றியதும், 1619இல் ஒலிவேரா நாட்டை முற்றாகக் கைப்பற்றியதும் ஒன்றோடொன்று கலங்கிப்போயின. தன் அழிவுக்குத் தன் பாவமே காரணம் என்று நம்புவது தோற்ற சமூகத்துக்கு ஒருவகை ஆறுதல். வென்றவனின் பீரங்கிக்குக் கணக்குச் சொல்லவேண்டியதில்லை. இவ்வாறுதல் வரலாற்றுக்கு உதவுவதன்று.

கடைசி மன்னனின் முடிவை விரிவாக அறிய வேண்டுவோர் மேற்கிந்தியாவிலுள்ள கோவாவுக்கே செல்லுதல் வேண்டும். பிடிபட்ட சங்கிலி அங்கே கொண்டுசெல்லப்பட்டு, விசாரிக்கப்பட்டு, ஞானஸ்நானம் பெற்றபின் 1623இல் தலை துணிக்கப்பட்டான். 1560இல் யாழ்ப்பாணத்திற் கைப்பற்றப்பட்ட புத்ததந்தம் எனப்பட்ட பொருளும் கோவாவிலேயே பொடியாக்கப்பட்டது. யாழ்ப்பாண வீழ்ச்சியைப் பற்றி மிக விரிவாக எழுதிய யேசுசபைக் குருவாகிய குவேறோஸ் பாதிரியார் 1687இல் தம் நூலை முடித்ததும் அந்நகரிலேதான். அவர் இலங்கை மண்ணை மிதித்தவரல்லர். அந்நூல் 1930இற் பெரேரா பாதிரியாரின் ஆங்கில மொழிபெயர்ப்பாகக் கொழும்பில் வெளிவந்தது. காணாத நகரைக் கோவாவிலிருந்து எழுதிய ஒருவர், கண்ட நகரை மாதகலிலிருந்து எழுதிய ஒருவர் என இருவரையும் பக்கத்திற் பக்கம் வைத்துப் படித்தாலன்றி நல்லூரின் முடிவு விளங்காது. குவேறோஸிடம் நாளும் படையும் உள. புலவரிடம் இடமும் இழப்பும் உள.

கோவாவும் நல்லூரும் ஒரே கையால் அடியுண்ட நகரங்கள் என்பதும் ஈண்டு நோக்கத்தக்கது. கோவாவின் கோயில்கள் இடிக்கப்பட்டபோது 1560இல் மங்கேசர் குசத்தலியிலிருந்து ஆற்றைக் கடந்து போண்டாப் பக்கத்துப் பிரியோலுக்கு எழுந்தருளினார்; சாந்தாதுர்க்கையும் அவ்வாறே இடம்பெயர்ந்தாள். ஆற்றுக்கப்பால் வேற்றரசன் ஆட்சி இருந்தமையால் அது கைகூடிற்று. 1621இல் நல்லூர்க் கோயில் இடிபட்டபோது கடப்பதற்கு அப்படியோர் ஆறு இல்லை. விக்கிரகங்கள் கிணறுகளிலும் குளங்களிலும் மறைக்கப்பட்டன என்பது வாய்மொழி. கோயிற் கற்கள் கோட்டைக்குச் சென்றன என்பதும் மரபே. பழைய கோயில் நின்ற இடமெனக் கருதப்படும் முத்திரைச்சந்திப் பக்கத்திற் கிறித்தவ ஆலயம் எழுந்தது; ஒல்லாந்தர் காலத்திற் கந்தன் குருக்கள்வளவிலே மீண்டும் கோயில் கொண்டான். தலைநகரும் நல்லூரிலிருந்து கடலோரப் பட்டினத்துக்கு மாறியது. இன்று யாழ்ப்பாணநகர் என வழங்குவது அப்பட்டினத்தின் வளர்ச்சியே.

வைபவமாலையை ஆராய்ந்தோர் பணியையும் சீர்தூக்கிப் பார்த்தல் முறை. 1879இற் பிரிற்றோ என்பார் அதனை ஆங்கிலமாக்கினார். 1912இல் முத்துத்தம்பிப்பிள்ளை யாழ்ப்பாணச் சரித்திரத்தையும், 1918இல் வேலுப்பிள்ளை யாழ்ப்பாண வைபவ கௌமுதியையும் வெளியிட்டனர். கௌமுதி ஊர்ச் செய்திகளைத் திரட்டிய வகையிற் பெறுமதியுடையது. திரட்டியவற்றைச் சலித்தெடுத்தலில் அத்துணைக் கவனம் இல்லை. முதலியார் இராசநாயகம் 1926இல் ஆங்கிலத்தில் எழுதிய பண்டைய யாழ்ப்பாணம் துணிவு மிக்க நூல். மணிபல்லவத்தை யாழ்ப்பாணக் குடாநாட்டோடு பொருத்தியதும், சிங்கைநகரை வல்லிபுரத்தில் வைத்ததும் அத்துணிவின் விளைவே. இரண்டு பெயர்கள் ஒத்து ஒலித்தால் அவர்க்கு அது பாதிச் சான்றாகிவிடும். நல்லூர் ஞானப்பிரகாச அடிகள் 1928இல் வெளியிட்ட யாழ்ப்பாண வைபவ விமர்சனம் அதனினும் நுண்ணியது. போர்த்துக்கேயச் சான்றுகளையும் தமிழ் மரபையும் மோதவிட்டுப் பார்க்கும் முறையை இங்கு நிலைநாட்டியவர் அவரே. நல்லூரிலேயே வாழ்ந்த அடிகளின் நூலிலும் நகரைவிட அரசமரபே மிகுதியாக இடம்பெற்றது. பின்னர் பேராசிரியர் கா. இந்திரபாலா 1972இல் வெளியிட்ட யாழ்ப்பாண இராச்சியத்தின் தோற்றமும், பேராசிரியர் சி. பத்மநாதன் 1978இல் ஆங்கிலத்தில் எழுதிய யாழ்ப்பாண அரசு பற்றிய நூலும் சாசனங்களை முதன்மைப்படுத்தி ஆராய்ச்சியை உறுதியான தளத்தில் நிறுத்தின. இத்தனை நூல்களுக்குப் பின்னரும், அரசரை விடுத்து நல்லூரின் தெருவையும் குளத்தையும் காணிப்பெயரையும் முதலாகக் கொண்டு எழுந்த முழுநூல் மாணவர் கையில் எளிதிற் கிட்டுவதாயில்லை.

1981ஆம் ஆண்டு யூன் முதலாந் திகதி யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டதைப் பற்றிய ஒரு கூற்றும் ஈண்டுத் திருத்தத்தக்கது. வைபவமாலையின் ஒரேயொரு பிரதி அத்தீயில் அழிந்தது என்று வெளிநாட்டார் பலர் எழுதுகின்றனர். உள்நாட்டாரும் அதனையே திருப்பிச் சொல்கின்றனர். 1879இல் ஆங்கிலமாக்கப்பட்டு, பின்னர் தமிழிற் பலமுறை அச்சேறி, குல. சபாநாதன் அவர்களின் குறிப்புகளோடு திருத்தமான பதிப்பும் பெற்ற நூல் அவ்வாறு அழிதல் கூடுமோ? நூலின் பாடம் பிழைத்திருக்கின்றது. தொண்ணூற்றேழாயிரம் அளவான நூல்களும் அவற்றோடு ஏட்டுச்சுவடிகளும் எரிந்தன என்பதே பேரிழப்பு. அதற்கு மிகை வேண்டியதில்லை. அழிந்த ஏடுகளுள் வைபவமாலையின் பாடவேறுபாடு காட்டக்கூடியன இருந்திருப்பின், மேலே கூறிய முடிச்சுகளுட் சிலவற்றை அவிழ்க்கும் வழி என்றைக்குமாக அடைபட்டது. இழப்பைத் தவறான இடத்திற் காட்டுவோர் மெய்யான இழப்பை மறைத்துவிடுகின்றனர்.

எஞ்சி நிற்பனவற்றையும் தெளிந்த கண்கொண்டு நோக்கல் வேண்டும். சங்கிலித்தோப்பு வாயில் வளைவையும் மந்திரிமனையையும் தமிழரசர் கட்டியவை என்று சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டுவது வழக்கம். அவற்றின் கட்டட அமைதியில் ஐரோப்பியச் சாயல் தெளிவு. இன்று காணும் உருவில் அவை அரசர் காலத்துக்குப் பிற்பட்டன என்று கொள்வதே பொருந்தும். நிலம் அரசருடையது, கட்டடம் பின்வந்தோருடையது. 1974இல் நாட்டப்பெற்றுப் பின்னர் 2011இற் புதுக்கப்பட்ட சங்கிலியன் சிலை எந்தச் சங்கிலியை நினைவூட்டுகின்றது என்று கேட்டால், வைபவமாலையின் மயக்கம் கல்லிலும் தொடர்வதை உணரலாம். யமுனாரி ஒன்றே ஐயத்துக்கு அதிகம் இடந்தராமல் நிற்பது. அதனையும் பாசி மூடுகின்றது.

நகரின் கீழ்த்திசைக்கு வெயிலுகந்த பிள்ளையார் காவல் என்றார் புலவர். அக்காவலுக்கு அப்பால், கண்டிவீதி வழியே மாம்பழஞ்சந்தி, அரியாலை, செம்மணி, நாவற்குழி எனச் செல்லும் பாதை வைபவமாலையில் எழுதப்படாத நகரின் பாதை. 1995 ஒற்றோபர் முப்பதாந் திகதி இரவு குடாநாட்டு மக்கள் இலட்சக்கணக்கில் மழையில் நடந்து தென்மராட்சிக்குச் சென்றது இவ்வழியேதான். கனகசூரியன் ஒருவன் மைந்தரோடு நாடு நீங்கியதை ஓர் அத்தியாயமாக்கிய மரபு இதனை எவ்வாறு எழுதும்? அரியாலைச் சித்துப்பாத்தி மயானத்தில் 2025ஆம் ஆண்டு நீதிமன்ற உத்தரவின்படி மண் அகழப்பட்டு, மனித என்புக்கூடுகள் ஒவ்வொன்றாக இலக்கமிடப்பட்டு எடுக்கப்பட்டன. மன்னரின் பெயரும் தலைவரின் பெயரும் அறிந்த மரபு அங்கே பயன்படாது. பெயரற்றோரை இடத்தாலும் ஆழத்தாலும் அருகிற் கிடந்த உடைமைகளாலும் அடையாளங் காணும் முறையே அங்கே வேண்டப்படுவது. தலைவர்கள் குடியேறிய ஊர்ப் பட்டியலில் இடம்பெறாத அரியாலை, இருநூற்றுத் தொண்ணூறு ஆண்டுக்குப் பின் இவ்விதமாக நகரின் வரலாற்றுள் நுழைந்தது.